மூன்றாம் தொட்டியில் குமிழி இல்லை

நான் இருபத்தாறு ஆண்டுகள் நாளிதழில் வேலை பார்த்தவன். செங்கல்பட்டு வட்டாரத்தில் பேய் வீடு, கல் விழும் வீடு, தானாகப் பற்றிக்கொள்ளும் வைக்கோல் போர் என்று எது கிளம்பினாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். நான் போனால் ஒரே பத்தியில் விஷயம் முடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கல் விழுந்த வீட்டில் குடியிருந்தவரைக் காலி செய்யவைக்க வீட்டுக்காரரே மொட்டைமாடியிலிருந்து எறிந்துகொண்டிருந்தார். அழுத கிணற்றில் ஒரு பூனை இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அதை எடுக்கவைத்துவிட்டு வந்தேன். இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்களை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் நீங்கள் என்னை அப்படிப் பார்த்தால் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் வைக்கிறேன். நேரங்கள் எல்லாம் அன்றைக்கே நோட்டில் எழுதியவை.

நோட்டில் நேரம் எழுதக் காரணம் என் கணினி. வேலையை விட்டபிறகு வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். கணினிக்கு வயது ஒன்பது. பொத்தானை அழுத்தியதிலிருந்து அம்புக்குறி என் பேச்சைக் கேட்கிற வரைக்கும் பதினொரு நிமிடம் நாற்பது விநாடி ஆகும். சொன்னால் என் மகள் கவிதா நம்பவில்லை, அதனால் ஒரு வாரம் கடிகாரம் வைத்து எழுதி அனுப்பினேன். அவள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள், படூரில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, நீ பட்டனை அழுத்தினதும் அதுக்குள்ள எத்தனை பேர் எழுந்துக்கிறாங்க தெரியுமா? வேலை செய்யறது ரெண்டு பேரு. மீதியெல்லாம் கல்யாண வீட்டுல சும்மா உக்காந்திருக்கிற சொந்தக்காரங்க."

"அவங்களை எப்படி அனுப்பறது?"

"அனுப்ப வேணாம். கூப்பிடாம இருந்தா போதும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்து. வர ஜன்னல்ல ஸ்டார்ட்அப்னு ஒரு பக்கம் இருக்கும், அதைத் திற. ஒவ்வொண்ணுக்கும் நேரா எனேபிள்டுன்னு போட்டிருக்கா? வேண்டாததை டிஸேபிள் பண்ணு. எதுவும் அழிஞ்சிடாது, பயப்படாதே. தானா கிளம்பாது, அவ்ளோதான். வைரஸ் தடுக்கிறதை மட்டும் தொடாதே."

பட்டியலில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. எப்போதோ தானம் கொடுத்துவிட்ட பிரிண்டருக்கு மை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஒரு நிரல், கவிதா பள்ளியில் படித்தபோது போட்ட பாட்டு நிரல், கொரோனா காலத்துக் கூட்டங்களுக்காக ஏற்றிய மூன்று. எல்லாம் ஒவ்வொரு காலையிலும் எழுந்து, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, ராத்திரி என்னோடு அணைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கடைசியில் இருந்தது கேமரா நிரல்.

அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் தம்பி ஏழுமலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு ஹேச்சரி வைத்திருக்கிறான். ஹேச்சரி என்றால் இறால் குஞ்சு பொரிக்கிற இடம். கடல் தண்ணீரைக் குழாயில் இழுத்து, சிமெண்ட் தொட்டிகளில் நிரப்பி, கண்ணிமை முடி கனத்தில் இருக்கும் குஞ்சுகளை லட்சக்கணக்கில் வளர்த்துப் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். ப்ளோயர் என்ற காற்று இயந்திரம் இரவும் பகலும் ஓடி, தொட்டிக்குத் தொட்டி ட்யூப் வழியாகக் காற்றை இறக்கும். தண்ணீர் முழுக்கக் குமிழி வந்துகொண்டே இருக்கவேண்டும். அரை மணி நேரம் நின்றால் குஞ்சுகள் அடியில் படிந்துவிடும், அப்புறம் அள்ளிக் கொட்டவேண்டியதுதான். அங்கே வேலை செய்கிறவர்கள் உங்களோடு பேசும்போதும் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், உங்கள் தோளுக்கு மேலாகக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழுமலை குஞ்சு ஏற்றிக்கொண்டு அடிக்கடி நெல்லூர்ப் பக்கம் போவான். அதனால் நாலு தொட்டிக்கு நாலு கேமரா வைத்து, அதைப் பார்க்கும் நிரலை, வீட்டிலேயே இருக்கிற என் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். கணினி கிளம்பியதும் அது தானாகத் திறக்கும். நாலு கட்டத்தில் நாலு தொட்டி. காலை ஒன்பது மணிக்குப் போன் வரும்.

"ண்ணா, கொமிழி வர்தா?"

"நாலுலயும் வருதுடா."

"சரி ண்ணா, வெச்சிர்றேன்."

இரண்டு வருடம் எங்கள் பேச்சு இவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து கேமராக்களின் பதிவுப்பெட்டி கருகிவிட்டது. அவன் வேறு கேமராக்கள் வாங்கி, தன் கைப்பேசியிலேயே பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டான். பழையதெல்லாம் காயலாங்கடைக்குப் போயிற்று. எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை, கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் போனும் நின்றுபோயிற்று. என் திரையில் மட்டும் அந்த ஜன்னல் தினமும் திறந்து நாலு கறுப்புக் கட்டங்களைக் காட்டும். ஒவ்வொன்றிலும் 'இணைப்பு இல்லை' என்று எழுதியிருக்கும். நான் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதையும் நிறுத்தினேன்.

கணினியை அணைத்து மறுபடி போட்டேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. சத்தியமாகக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை கேமரா ஜன்னல் திறந்தது. மற்ற பதினேழும் வரவில்லை, அது மட்டும் வந்தது. பட்டியலைப் பார்த்தேன், அதற்கு நேரே டிஸேபிள்டு என்றுதான் இருந்தது. கவிதாவைக் கேட்டேன்.

"சில நிரலுங்க ரெண்டு வாசல் வெச்சிருக்கும்ப்பா. முன்வாசலைச் சாத்தினா பின்வாசல்ல வரும். டாஸ்க் ஷெட்யூலர்னு தேடித் திற, அதுல நேரம் குறிச்சு வெச்சிருக்கான்னு பாரு."

இருந்தது. 'கணினி கிளம்பும்போது ஓடு' என்று ஒரு வரி. எடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை மறுபடி வந்தது. எனக்கு எரிச்சல்தான், பயமெல்லாம் இல்லை. அன்றைக்கு அதை முழுக்கவே கணினியிலிருந்து நீக்கினேன், அதன் கோப்புறையைத் திறந்து மிச்சம் கிடந்த நாலைந்து கோப்புகளையும் அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. 'ஒழிந்தது' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

புதன்கிழமை காலை 9.12க்குப் பொத்தானை அழுத்தினேன். நல்ல வெயில், எதிர் வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். 9.14க்கு அந்த ஜன்னல் திறந்தது.

மூன்று கட்டங்கள் கறுப்பு. மூன்றாவதில் படம் இருந்தது.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். வட்டமான சிமெண்ட் தொட்டி, உள்பக்கம் நீல வண்ணம், விளிம்பில் ஒரு இடத்தில் பெயர்ந்த காரை. தொட்டி நிறையத் தண்ணீர். காற்று ட்யூப் தண்ணீருக்குள் இறங்கி இருந்தது. குமிழி இல்லை. கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது தண்ணீர். இரண்டு வருடம் தினமும் பார்த்தவன் நான், அசையாத தண்ணீரை அந்தக் கட்டத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. அரை நிமிடம், ஒருவேளை கூடவே இருக்கும், குமிழி வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நீக்கிய நிரல் எப்படித் திறந்தது என்று அப்போது யோசிக்கவேயில்லை. பழக்கம் அப்படி. ப்ளோயர் நின்றுவிட்டது, ஏழுமலைக்குச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

9.16க்கு அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. 9.17க்கு மறுபடி. எடுக்கவில்லை. கேமராப் படம் இப்போது அவன் சட்டைப்பையிலிருக்கும் போனில் மட்டும்தான் வருகிறது, அவன் அதை எடுக்கவில்லை என்றால் வெளியிலிருந்து அந்தத் தொட்டிகளைப் பார்க்க யாருமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஹேச்சரியில் வெகுகாலமாக இருக்கும் அஞ்சலையம்மாவின் எண் என்னிடம் இருந்தது. 9.19க்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். மூச்சு வாங்கியது.

"அஞ்சலைம்மா, ப்ளோயர் நின்னுபோச்சு போலிருக்கு, ஏழுமலை போன் எடுக்கலை—"

"தோ, வந்துட்டோம் சார், கதவாண்டதான் கீறோம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குப் புரியவில்லை. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். மூடியிருந்தது. நான் மூடவில்லை.

9.41க்கு அஞ்சலையம்மா கூப்பிட்டார். ஏழுமலையை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள், செங்கல்பட்டுக்கு வருகிறார்கள், 'உசுரு கீது'. கடைசி இரண்டு வார்த்தையையும் அவர் அப்படியேதான் சொன்னார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

நடந்தது இது. அன்று காலை கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. அந்த மாதிரி நாளில்தான் கடலுக்குள் போகிற உறிஞ்சுகுழாயின் வாயில் அடைத்த மணலை எடுக்கமுடியும், தண்ணீர் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும், அதனால் இருக்கிற ஐந்து பேரும் கரைக்குப் போய்விடுவார்கள். கொட்டகையில் ஏழுமலை மட்டும். ப்ளோயரின் பெல்ட் கீச்சென்று கத்தியிருக்கிறது. அதற்கான அறைக்குள் போயிருக்கிறான். கடற்காற்றில் அந்த அறையின் தகரக் கதவு படார் படார் என்று அடித்துக்கொள்ளும் என்பதால் உள்ளே போகிறவர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். மோட்டாரை நிறுத்தாமல் கை வைத்திருக்கிறான். மின்சாரம் அடித்துத் தூக்கி எறிந்ததில் பின்மண்டை சிமெண்ட் திண்டில் மோதியது. மின்சாரம் தானாகத் துண்டித்துக்கொண்டது, ப்ளோயர் நின்றது. மின்விசிறிகூட இல்லாத அந்தத் தகர அறையில் மூடிய கதவுக்குப் பின்னால் அவன் ரத்தத்தில் கிடந்தான். கரையில் இருந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்திருப்பார்கள்.

டாக்டர் என்னிடம், தலைக்குள் கசிந்த ரத்தத்தைச் சரியான நேரத்தில் வடித்துவிட்டோம், இன்னும் அரை மணி கழித்துக் கொண்டுவந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசவேண்டியிருந்திருக்கும் என்றார். நிதானமாகத்தான் கேட்டேன். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் செருப்பு மாறியிருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண், யார் என்று தெரியாது, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் சாயங்காலம் ஏழுமலை கண் திறந்தான். தலை முழுக்கக் கட்டு. என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிடம் ஆனது.

"ண்ணா... குஞ்சுங்க எப்புடி கீது?"

"நீ எப்படி இருக்கேன்னு கேக்க நான் வந்தா, நீ குஞ்சைக் கேக்கிறியா?"

"எனக்கு இன்னா, நான்தான் தோ பேசிகினு கீறேனே. அதுங்க சொல்லாது இல்ல."

நான் சிரித்தேன். நர்ஸ் வந்து சத்தம் போடக்கூடாது என்றார். குஞ்சுகளுக்கும் பெரிய சேதமில்லை. குஞ்சு பேக்கிங் செய்ய வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு வந்து, ட்யூப்பைத் தொட்டிகளில் விட்டுச் சமாளித்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் அவன் பைக் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். இடது கையில் இரண்டு விரல் மட்டும் கொஞ்சம் மரத்திருக்கிறது. காலையில் போன் செய்கிறான், குமிழியைப்பற்றி அல்ல, வேறு ஏதாவது.

கவிதா அந்த வார இறுதியில் வந்து என் கணினியை இரண்டு மணி நேரம் குடைந்தாள். அந்த நிரல் அதில் இல்லை. புதன்கிழமை அது ஓடியதற்கான பதிவும் இல்லை. ஏதோ பழைய படம் எங்கோ ஒரு மூலையில் சேமிப்பாகி இருந்து அன்றைக்கு எட்டிப் பார்த்திருக்கலாம் என்றாள். எப்போதோ மின்வெட்டில் குமிழி நின்றபோது எடுத்த படமாக இருக்கலாம். இருக்கலாம்தான். அந்த மூன்றாம் தொட்டியை ஏழுமலை போன வருடமே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறான், ஆகவே அது பழைய படம் என்பது எனக்கும் பொருத்தமாகவே பட்டது. பழைய படம் ஒன்று தற்செயலாக, சரியான காலையில் வந்தது. செய்தியாக எழுதச் சொல்லியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன், அதோடு முடித்திருப்பேன்.

பத்து நாள் கழித்து ஹேச்சரிக்குப் போனேன். அஞ்சலையம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லவேண்டும் என்றுதான் போனேன். அவர் தொட்டி ஓரமாக நின்று வலை அலசிக்கொண்டிருந்தார்.

"எனுக்கு எதுக்கு சார் நன்றி? நீங்க போன் பண்ணீங்க, நாங்க ஓடியாந்தோம்."

"நான் கூப்பிடும்போதே கதவுகிட்ட இருந்தீங்களே. ஏற்கெனவே தெரிஞ்சு வந்துட்டீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னா சார், அது ரெண்டாவது போனு. மொதல்ல பண்ணீங்களே, அப்பவே ஓடியாந்துட்டோம்."

நான் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. போனைக் காட்டச் சொன்னேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தேடி எடுத்துக் காட்டினார். என் பெயரை 'ஓனர் அண்ணன்' என்று போட்டு வைத்திருக்கிறார். அந்தப் புதன்கிழமைக்குக் கீழே ஓனர் அண்ணன் இரண்டு முறை இருந்தது. ஒன்று 9.19. இன்னொன்று 9.05, பன்னிரண்டு விநாடி.

9.05க்கு என் கணினி அணைந்து கிடந்தது. நான் குளியலறையில் இருந்தேன். என் போனை எடுத்துப் பார்த்தேன்: ஏழுமலைக்கு இரண்டு, அஞ்சலையம்மாவுக்கு ஒன்று. அங்கேயே நின்று அவருக்கு ஒரு போன் போட்டேன், இரண்டு போனிலும் நேரம் ஒன்றாகவே காட்டியது. பிறகு போன் நிறுவனத்தில் விண்ணப்பித்து அந்த நாளின் அழைப்பு விவரத்தை வாங்கிப் பார்த்தேன். என் எண்ணிலிருந்து அஞ்சலையம்மாவுக்கு ஒரே அழைப்பு, 9.19க்கு.

அன்றைக்கே கொட்டகை ஓரத்தில் நின்றபடி அவரிடம், சாதாரணமாகக் கேட்பதுபோல, "முதல்ல கூப்பிட்டப்போ நான் என்ன சொன்னேன்? பதற்றத்துல மறந்துட்டேன்," என்றேன்.

"சின்னவரு ப்ளோயர் ரூம்ல வுயுந்து கிடக்குறாரு, உள்ள தாப்பா போட்டுகீது, கடப்பாரை எடுத்துகினு போங்கன்னீங்க. அதான கரையாண்டருந்து அதையும் தூக்கினு ஓடியாந்தோம். இல்லன்னா அந்தத் தகரத்த எப்புடிப் பேக்கறது?"

"என் குரல்தானே?"

அவர் சிரித்தார். "உங்க கொரலு எனுக்குத் தெரியாதா சார்?"

ப்ளோயர் அறையை அப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் வந்தபோது புதிதாகக் கட்டியது. அதற்கு முன் அந்த அறையையோ அதன் தாழ்ப்பாளையோ நான் பார்த்தது இல்லை. கதவின் ஓரத்தில் கடப்பாரை நெம்பிய இடம் இன்னும் வளைந்தே இருக்கிறது, சரிசெய்யவேண்டாம் என்று ஏழுமலை விட்டுவைத்திருக்கிறான்.

அஞ்சலையம்மாவிடம் நான் இதுவரை உண்மையைச் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் அவர் யாரிடமாவது என்னைக் காட்டி, அன்றைக்கு இவர் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பார். யாருக்குச் சேரவேண்டிய நன்றி அது என்று தெரியாமல் நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.